ட்ரிகர் எந்த நிகழ்வுக்கு ஓடும், எதற்கு ஓடாது: பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, எலக்ட்ரானிக் சிட்டியிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு சப்போர்ட் டீமில் சேர்ந்திருப்பீர்கள். கொஞ்ச நாளிலேயே இப்படி ஒரு டிக்கெட் உங்கள் பெயருக்கு வரும்: "தொகை மாறியிருக்கிறது, ஆனால் ஹிஸ்டரி டேபிளில் பதிவு இல்லை. ட்ரிகர் வேலை செய்யவில்லை." ட்ரிகர் என்பது குறிப்பிட்ட நிகழ்வு நடக்கும் போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சின்ன கோட். அந்தக் கோட் முழுவதையும் வரி வரியாகப் படிப்பீர்கள். தப்பு எதுவும் கண்ணில் படாது. அதை ஓட வைக்கும் நிகழ்வே நடந்திருக்காது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்காக டீம் முழுக்க மாதக் கடைசியில் அல்லாடியது. அப்டேட், டிலீட் இரண்டுக்கும் ட்ரிகர் இருந்தது. இரவில் தானாக ஓடிய ஜாப் செய்ததோ ட்ரங்கேட்டும் (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) இன்சர்ட்டும் (புதிதாகச் சேர்க்கும் கட்டளை). அந்த ஜாப் என்ன கட்டளை போடுகிறது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ட்ரிகர் தரவைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை, கட்டளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதனால் தரவு மாறியும் அது ஓடாமல் இருக்கலாம், தரவு மாறாமலே ஓடவும் செய்யலாம்.

உதாரணத்துக்கு மடிவாளாவில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். "வாடகை" என்று ஒரு டேபிள். அறை எண், பெயர், மாத வாடகை, அட்வான்ஸ் என்று நான்கு ஃபீல்டுகள். 204-ஆம் அறையின் வாடகை 8,500-லிருந்து 9,000 ஆனால், பழைய தொகை "வாடகை ஹிஸ்டரி" டேபிளில் விழ வேண்டும்.

1. எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்

ஒன்றில் படித்ததை இன்னொன்றில் அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். போஸ்ட்கிரெஸில் ட்ரங்கேட்டுக்கு ட்ரிகர் போடலாம், மைஎஸ்க்யூஎல்லில் முடியாது. எஸ்க்யூஎல் சர்வரில் பிஃபோர் ட்ரிகர் (மாற்றம் எழுதப்படும் முன் ஓடுவது) என்பதே கிடையாது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரே நிகழ்வுக்கும் ஒரே நேரத்துக்கும் (எழுதும் முன் அல்லது பின்) ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரிகர் வைக்க 5.7.2 பதிப்பாவது வேண்டும். பதிப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிப்பின் கையேட்டை மட்டும் படியுங்கள்.

பழகிப் பார்க்கப் பணம் தேவையில்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் கம்யூனிட்டி, எஸ்க்யூலைட் மூன்றும் இலவசம். ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 2 சிபியூ த்ரெட், 2 ஜிபி நினைவகம், 12 ஜிபி தரவு என்ற வரம்போடு வருகிறது. கற்றுக்கொள்ள அது தாராளம். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் அதை புரொடக்‌ஷனில் (நிஜப் பயன்பாட்டில்) ஓட்ட உரிமம் இடம் கொடுக்காது. இதற்கென்று மட்டும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். மேலே சொன்ன வாடகை டேபிளை உங்கள் லேப்டாப்பில் உருவாக்கி, கீழே வரும் ஒவ்வொரு கட்டளையையும் போட்டுப் பாருங்கள். ஒரு சனி, ஞாயிறு போதும்.

2. நிகழ்வு எந்த வகை என்று பிரியுங்கள்

முதல் வகை, தரவை மாற்றும் கட்டளைகள்: இன்சர்ட், அப்டேட், டிலீட். நீங்கள் பார்க்கப் போகும் ட்ரிகர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். தரவைப் படிக்கும் செலக்ட்டுக்கு இந்த ஐந்து டேட்டாபேஸ்களிலும் ட்ரிகர் கிடையாது. யார் படித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஆடிட் வசதிக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாம் வகை, அமைப்பை மாற்றும் கட்டளைகள்: கிரியேட், ஆல்டர், ட்ராப் போன்றவை. ஆரக்கிளிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் இவற்றுக்கு ட்ரிகர் உண்டு. போஸ்ட்கிரெஸில் இதற்கு ஈவென்ட் ட்ரிகர் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. கட்டளை தொடங்கும் போது, முடியும் போது, பொருள் அழிக்கப்படும் போது, டேபிள் முழுதாகத் திரும்ப எழுதப்படும் போது அது ஓடும். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வகை இல்லை.

மூன்றாவது, சர்வரோடும் இணைப்போடும் சேர்ந்த நிகழ்வுகள். ஆரக்கிளில் லாகான், லாகாஃப், ஸ்டார்ட்டப், ஷட்டவுன், சர்வர் எரர் எல்லாவற்றுக்கும் ட்ரிகர் போடலாம். எஸ்க்யூஎல் சர்வரில் லாகான் ட்ரிகர் உண்டு. போஸ்ட்கிரெஸில் 17-ஆம் பதிப்பில்தான் லாகின் நிகழ்வு வந்தது. ஆரக்கிளில் ஒரு விஷயம்: ஷட்டவுன் அபார்ட் கொடுத்து நிறுத்தினால் ஷட்டவுன் ட்ரிகர் ஓடாது.

3. முன்பா பின்பா, ரோவுக்கா கட்டளைக்கா

பிஃபோர் என்றால் ரோ, அதாவது டேபிளின் ஒரு வரிசை, எழுதப்படும் முன் ஓடும். வருகிற மதிப்பைத் திருத்த வேண்டுமா, தடுக்க வேண்டுமா, இது சரி. ஆஃப்டர் எழுதிய பின் ஓடும். ஹிஸ்டரி எழுத இதுதான் பொருத்தம், ஏனென்றால் பிஃபோரில் நிற்கும் மதிப்பை அடுத்து வரும் இன்னொரு பிஃபோர் ட்ரிகர் மாற்றிவிடக்கூடும். இன்ஸ்டெட் ஆஃப், வந்த கட்டளைக்குப் பதிலாகவே ஓடும். பெரும்பாலும் வியூக்களுக்கு (டேபிள் போலத் தெரியும் சேமித்த செலக்ட்) இதைப் பயன்படுத்துவார்கள்.

அப்புறம் எத்தனை முறை ஓடும் என்ற கேள்வி. விடுதியில் உள்ள 60 அறைகளுக்கும் ஒரே அப்டேட்டில் 500 ரூபாய் ஏற்றினால், ரோ ட்ரிகர் 60 முறை ஓடும், கட்டளை ட்ரிகர் ஒரே முறை ஓடும். மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் ரோ ட்ரிகர் மட்டும்தான். எஸ்க்யூஎல் சர்வரில் கட்டளை ட்ரிகர் மட்டும்தான். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் இரண்டும் உண்டு. போஸ்ட்கிரெஸில் "ஃபார் ஈச் ரோ" என்று எழுத மறந்தால் அது தானாகவே கட்டளை ட்ரிகராகிவிடும். அதற்குள் பழைய ரோ, புதிய ரோ எதுவும் கிடைக்காது.

எஸ்க்யூஎல் சர்வரில் புதியவர்கள் அதிகம் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. மாறிய ரோக்கள் எல்லாம் "இன்சர்ட்டட்", "டிலீட்டட்" என்ற இரண்டு தற்காலிக டேபிள்களில் மொத்தமாக வரும். அதிலிருந்து ஒரு மதிப்பை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்து வேலை செய்தால், ஒரு அறையை மாற்றிச் சோதிக்கும் போது எல்லாம் சரியாக இருக்கும். 60 அறைகள் ஒன்றாக மாறும் நாளில் ஒன்றே ஒன்று பதிவாகும், மற்ற 59-க்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்த டேபிளோடு ஜாயின் செய்து எழுதுங்கள்.

போஸ்ட்கிரெஸில் இதே அளவு ஆபத்தானது ரிட்டர்ன் மதிப்பு. பிஃபோர் ரோ ட்ரிகரின் ஃபங்ஷன் நல் (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் NULL) திருப்பினால் அந்த ரோ ஓசையில்லாமல் கைவிடப்படும். டிலீட்டுக்குப் புதிய ரோ என்று எதுவும் இல்லாததால், பிஃபோர் டிலீட்டில் "ரிட்டர்ன் நியூ" என்று எழுதினாலும் திரும்புவது நல்தான். அழிக்கச் சொன்னீர்கள், பிழை வரவில்லை, ஆனால் ரோ அப்படியே இருக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். அங்கே பழைய ரோவைத் திருப்ப வேண்டும்.

ஒரே நிகழ்வுக்குப் பல ட்ரிகர்கள் இருந்தால் எது முதலில் ஓடும்? போஸ்ட்கிரெஸில் பெயரின் அகர வரிசைப்படி. அதனால் பெயருக்கு முன்னால் எண் போடும் பழக்கம் நல்லது. மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் வரிசையைச் சொல்ல "ஃபாலோஸ்" என்ற சொல் இருக்கிறது.

4. ஓட வேண்டியது ஓடாத இடங்கள்

டிக்கெட்டுகளில் பாதிக்கு விடை இந்தப் பகுதியில் கிடைக்கும். மெதுவாகப் படியுங்கள்.

ட்ரங்கேட்டில் தொடங்குவோம். டேபிள் மொத்தமாகக் காலியாகும், ஆனால் டிலீட் ட்ரிகர் எந்த டேட்டாபேஸிலும் ஓடாது. போஸ்ட்கிரெஸில் ட்ரங்கேட்டுக்கே தனி ட்ரிகர் போடலாம், அதுவும் கட்டளை அளவில் மட்டும். ஆரக்கிளில் அது அமைப்பு மாற்றும் கட்டளைகளின் வகையில் சேரும்.

அடுத்தது ஃபாரின் கீ கேஸ்கேட். அறை டேபிளில் ஒரு ரோவை அழித்தால் வாடகை டேபிளிலும் அது தானாக அழியும்படி வைத்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல் 5.7, 8.0 பதிப்புகளில் இப்படி அழியும் ரோக்களுக்கு வாடகை டேபிளின் டிலீட் ட்ரிகர் ஓடாது. போஸ்ட்கிரெஸில் ஓடும். ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் புராஜெக்ட்டில் நீங்கள் இருந்தால், இந்த ஒரு வித்தியாசத்தைத் தனியாக எழுதிச் சோதியுங்கள்.

மொத்தமாக ஏற்றும் வேலைகளை அடுத்து பாருங்கள். போஸ்ட்கிரெஸின் காபி கட்டளைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் லோட் டேட்டாவுக்கும் இன்சர்ட் ட்ரிகர் ஓடும். எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்சர்ட்டில் "ஃபயர் ட்ரிகர்ஸ்" என்று சொன்னால்தான் ஓடும். ஆரக்கிளின் எஸ்க்யூஎல் லோடர், டைரக்ட் பாத் முறையில் ஏற்றும் போது இன்சர்ட் ட்ரிகர்களை முடக்கிவிட்டுத்தான் ஏற்றும்.

ரெப்ளிகாவில் (டேட்டாபேஸின் நகல் சர்வரில்) ட்ரிகர் ஓடவில்லை என்று ஒரு புகார் வரும். போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் வந்து சேரும் மாற்றங்களுக்குச் சாதாரண ட்ரிகர் ஓடாது. "எனேபிள் ரெப்ளிகா" அல்லது "எனேபிள் ஆல்வேஸ்" என்று குறித்தவை மட்டும் ஓடும். மைஎஸ்க்யூஎல்லில் ரோ அடிப்படையிலான ரெப்ளிகேஷன் என்றால், ட்ரிகர் மூல சர்வரில் ஓடி முடிந்து அதன் விளைவுதான் வந்து சேர்கிறது. ரெப்ளிகாவில் திரும்ப ஓடாது, ஓடவும் கூடாது.

எஸ்க்யூலைட்டில் ரிப்ளேஸ் மூலம் பழைய ரோ நீங்கினால், ரிகர்சிவ் ட்ரிகர்ஸ் அமைப்பு ஆனில் இருந்தால் மட்டுமே டிலீட் ட்ரிகர் ஓடும். மொபைல் ஆப் எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, போஸ்ட்கிரெஸின் "அப்டேட் ஆஃப் மாத வாடகை" போன்ற ட்ரிகர். மாத வாடகை ஃபீல்டு அப்டேட் கட்டளையின் செட் பகுதியில் எழுதப்பட்டிருந்தால்தான் அது ஓடும். அட்வான்ஸை மட்டும் மாற்றும் ஒரு அப்டேட் வந்து, வேறொரு பிஃபோர் ட்ரிகர் உள்ளே வாடகையை மாற்றினால் இது ஓடாது. தொகை மாறியிருக்கும், பதிவு இருக்காது.

இவை எதுவும் இல்லை என்றால், யாராவது டேட்டா சரிசெய்யும் வேலைக்காக ட்ரிகரை முடக்கிவிட்டுத் திரும்ப இயக்க மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

5. மாற்றமே இல்லாமல் ஓடும் இடங்கள்

9,000 என்று இருப்பதை மறுபடியும் 9,000 என்று அப்டேட் செய்தாலும் ட்ரிகர் ஓடும். இங்கே "அப்டேட் ஆஃப்" காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். ஆப் எழுதப் பயன்படும் ஜாங்கோவின் சேவ், ஹைபர்னேட்டின் வழக்கமான அப்டேட் இரண்டும் ஏற்கெனவே உள்ள ரோவைச் சேமிக்கும் போது எல்லா ஃபீல்டுகளையும் செட் பகுதியில் எழுதி அனுப்புகின்றன. யாரோ பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் வாடகை ட்ரிகர் ஓடி, ஹிஸ்டரியில் வெட்டிப் பதிவுகள் குவியும். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் வேறா என்று ட்ரிகரின் வென் நிபந்தனையில் ஒப்பிடுங்கள். ஒப்பிடும் போது நல் மதிப்பையும் கணக்கில் எடுங்கள். போஸ்ட்கிரெஸில் அதற்கு "இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்" இருக்கிறது.

கட்டளை ட்ரிகர்கள் ஒரு ரோ கூட மாறாவிட்டாலும் ஓடும். மைஎஸ்க்யூஎல்லின் ரிப்ளேஸ் ஏற்கெனவே உள்ள ரோவை அழித்துப் புதிதாகச் சேர்ப்பதால் டிலீட், இன்சர்ட் இரண்டின் ட்ரிகர்களும் ஓடும். அங்கே "ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்" போட்டால், ரோ ஏற்கெனவே இருந்தாலும் முதலில் பிஃபோர் இன்சர்ட் ஓடும், அதன் பிறகுதான் அப்டேட் ட்ரிகர்கள். போஸ்ட்கிரெஸின் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்"டிலும் இதே கதை. பிஃபோர் இன்சர்ட்டில் "புது ஆள் வந்தார்" என்று எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருந்தால் கணக்கு தப்பும்.

6. அனுமதியும் ஆவணங்களும்

டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) ஊர்க்காரராக இருக்கலாம், கேன்டீனில் தமிழில் பேசி முடித்துவிடலாம் என்றும் தோன்றலாம். வேண்டாம். பேசியதை டிக்கெட்டில் எழுதிவிடுங்கள். நாளைக்கு உங்களைக் காப்பாற்றுவது அதுதான். டிக்கெட்டோடு இணைக்க வேண்டியவை:

- அந்த டேபிளில் ஏற்கெனவே உள்ள ட்ரிகர்களின் பட்டியல். போஸ்ட்கிரெஸில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை மட்டும் நம்பாதீர்கள், ட்ரங்கேட் ட்ரிகர்கள் அதில் வராது. பிஜி_ட்ரிகர் கேட்டலாக்கைப் பாருங்கள்.
- அந்த டேபிளில் தரவு எந்தெந்த வழியில் மாறுகிறது என்ற பட்டியல்: ஆப், இரவு ஜாப், கையால் ஓட்டும் ஸ்கிரிப்ட், ஃபைல் ஏற்றம், கேஸ்கேட். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது போடும் கட்டளை. மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.
- உருவாக்கும் ஸ்கிரிப்ட், முடக்கும் ஸ்கிரிப்ட், நீக்கும் ஸ்கிரிப்ட்.
- சோதனை முடிவு: ஒரு ரோ, பல ரோ, பூஜ்ய ரோ, நல் மதிப்பு, ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுதல்).

அனுமதிகள் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். போஸ்ட்கிரெஸில் அந்த டேபிளின் மேல் ட்ரிகர் அனுமதியும் ஃபங்ஷனின் மேல் எக்ஸிக்யூட் அனுமதியும் தேவை. ஆரக்கிளில் உங்கள் ஸ்கீமாவுக்கு கிரியேட் ட்ரிகர் போதும், டேட்டாபேஸ் அளவிலான ட்ரிகருக்கு அட்மினிஸ்டர் டேட்டாபேஸ் ட்ரிகர் வேண்டும். ஆரக்கிளில் இன்னொன்று: ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) வழியாகக் கிடைத்த அனுமதி ட்ரிகருக்குள் செல்லாது. ஹிஸ்டரி டேபிளுக்கான அனுமதியை ட்ரிகரின் சொந்தக்காரருக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பைனரி லாக் (மாற்றங்களைப் பதியும் ஃபைல்) ஆனில் இருந்து 1419 என்ற பிழை வந்தால் அனுமதிப் பிரச்சினைதான். அதைத் தீர்க்க டிபிஏவோ கிளவுட் அமைப்புகளைப் பார்ப்பவரோ வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் ட்ரிகர் அதை உருவாக்கியவரின் பெயரில் ஓடும். பெங்களூரில் ஆட்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள். ஒருவர் போன பிறகு அவருடைய டேட்டாபேஸ் கணக்கை நீக்கினால், அவர் பெயரில் இருந்த ட்ரிகர் 1449 பிழை கொடுக்கும். அது இன்சர்ட் ட்ரிகர் என்றால் அந்த டேபிளில் இன்சர்ட்டே நின்றுவிடும். ட்ரிகரைத் தனி ஆளின் பெயரில் உருவாக்காதீர்கள், அதற்கென்று ஒரு பொதுக் கணக்கு கேளுங்கள்.

7. செலவை அளந்து பாருங்கள்

இங்கே செலவு என்றால் நேரம். ஒரு லட்சம் ரோ மாறினால் ரோ ட்ரிகர் ஒரு லட்சம் முறை ஓடும், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செலக்ட்டும் ஒரு லட்சம் முறை ஓடும். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் ஒவ்வொரு ட்ரிகரும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று தனி வரியில் காட்டும். அது கட்டளையை நிஜமாகவே ஓட்டும் என்பதால் பிகின் போட்டுத் தொடங்கி ரோல்பேக்கில் முடியுங்கள். நேரம் அதிகமானால், 10-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் ட்ரான்ஸிஷன் டேபிள்களை (மாறிய ரோக்களை மொத்தமாகத் தருபவை) வைத்து கட்டளை ட்ரிகராக மாற்றி எழுதலாம்.

ட்ரிகரிலிருந்து அதே டேபிளைத் தொடப் போகாதீர்கள். மைஎஸ்க்யூஎல் அதே டேபிளை மாற்ற விடாமல் 1442 பிழை கொடுக்கும். ஆரக்கிளின் ரோ ட்ரிகரில் படிக்கப் போனாலே பெரும்பாலும் ஓஆர்ஏ-04091 பிழை வரும். அங்கே 11ஜி பதிப்பிலிருந்து உள்ள காம்பவுண்ட் ட்ரிகர்தான் (ரோவுக்கும் கட்டளைக்கும் ஓடும் பகுதிகளை ஒன்றாகக் கொண்டது) வழக்கமான தீர்வு.

மின்னஞ்சல், எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையையும் ட்ரிகருக்குள் வைக்க வேண்டாம். கட்டளை ரோல்பேக் ஆனால் ஹிஸ்டரிப் பதிவு அதோடு போய்விடும், ஆனால் "உங்கள் வாடகை உயர்ந்தது" என்று போன செய்தி திரும்பி வராது. அனுப்ப வேண்டியதை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள், வேறொரு ஜாப் எடுத்து அனுப்பட்டும்.

8. புரொடக்‌ஷனில் போடும் நேரம்

ட்ரிகர் உருவாக்குவது நொடியில் முடியும் வேலை, ஆனால் அதற்கு லாக் (டேபிளின் மேல் தற்காலிகப் பூட்டு) வேண்டும். போஸ்ட்கிரெஸில் கிரியேட் ட்ரிகர் எழுதுபவர்களைத் தடுக்கும், படிப்பவர்களைத் தடுக்காது. ட்ராப் ட்ரிகர் இருவரையும் தடுக்கும். அந்த டேபிளைத் தொட்டு நீண்ட நேரமாக ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் திறந்திருந்தால் உங்கள் கட்டளை அதன் பின்னால் காத்திருக்கும், மற்றவர்கள் உங்களுக்குப் பின்னால் காத்திருப்பார்கள். லாக் டைம்அவுட்டைச் சில நொடிகளுக்கு வைத்துவிட்டு முயலுங்கள். கிடைக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி.

வாடிக்கையாளர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால் அவர்களின் அதிகாலை 2 மணி நமக்குக் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் பகல் 12.30. கூட்டம் குறைந்த நேரம் நமக்குப் பட்டப்பகலில் வருகிறது, இரவு விழிக்க வேண்டியதில்லை. இந்திய வாடிக்கையாளர் என்றால் நள்ளிரவுக்குப் பின். எப்படியானாலும் மாதத்தின் முதல் சில நாட்களையும் வெள்ளிக்கிழமை மாலையையும் தவிருங்கள். போட்ட பிறகு அடுத்த இரவு ஜாப் முடியும் வரை ஹிஸ்டரி டேபிளைக் கவனியுங்கள்.

9. லாகின் ட்ரிகருக்குத் தனி எச்சரிக்கை

இதில் பிழை இருந்தால் டேட்டாபேஸுக்குள் யாரும் நுழைய முடியாமல் போகும். ஆரக்கிளில் அட்மினிஸ்டர் டேட்டாபேஸ் ட்ரிகர் அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையலாம். எஸ்க்யூஎல் சர்வரில் டெடிகேட்டட் அட்மினிஸ்ட்ரேட்டர் கனெக்‌ஷன் வழியாகப் போய் நீக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 17-இல் சூப்பர்யூசர், ஈவென்ட் ட்ரிகர்ஸ் அமைப்பை அணைத்துக்கொண்டு உள்ளே வரலாம். இதையெல்லாம் அந்த நேரத்தில் தேடும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரிகரைப் போடும் முன்பே டிபிஏ கணக்கில் இன்னொரு இணைப்பைத் திறந்து, நீக்கும் கட்டளையை அதில் தட்டச்சு செய்து வையுங்கள். சாதாரண பயனர் ஒருவர் புதிதாக உள்ளே வந்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் அந்த இணைப்பை மூடுங்கள்.